ராகுல் ஏன் புல் வெட்டினான்?

ஏப்ரல் முதல் ஞாயிறு. மார்ச் கணக்கையெல்லாம் முடித்துவிட்டு, ஒரு மாதத்துக்கப்புறம் சாவகாசமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். (வங்கிக்காரன் வீட்டில் மார்ச் மாதம் எப்படிப் போகும் என்பது வாக்கப்பட்டு வந்தவர்களுக்குத்தான் தெரியும் என்பது தங்கமணியின் நிரந்தரப் புலம்பல்.) ஏழாம் வகுப்புக்குப் போயிருக்கும் மகள் வழவழவென்று ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அப்பா, டிரைவ்வேன்னா என்னப்பா?”

வாங்கிப் பார்த்தேன். ‘லைஃப் ஸ்கில்ஸ்’ என்று வாரத்துக்கு ஒரு பீரியட் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அந்தப் புத்தகம். அமெரிக்காவில் எழுதியது. அட்டையில் ‘இந்தியப் பதிப்பு’ என்று போட்டிருந்தது. பணம் பற்றிய பாடத்தில் ஒரு பயிற்சி. ராகுல் என்ற பையன் சனிக்கிழமை பக்கத்து வீட்டு டிரைவ்வேயில் விழுந்துகிடக்கும் இலைகளைக் கூட்டி, புல்வெளியை வெட்டிக்கொடுத்து 20 ரூபாய் சம்பாதிக்கிறான். அந்த 20 ரூபாயைச் சேமிப்பு, செலவு, தானம் என்று அவன் எப்படிப் பிரிக்கலாம்?

பாப் போய் ராகுல் வந்துவிட்டான். டாலர் போய் ரூபாய் வந்துவிட்டது. புல்வெளி மட்டும் அமெரிக்காவிலேயே இருக்கிறது! நாங்கள் இருப்பது நாக்பூரில், மூன்றாவது மாடி ஃபிளாட்டில். புல் என்று பார்த்தால் தங்கமணி தொட்டியில் வளர்க்கும் எலுமிச்சைப் புல்தான் உண்டு. 20 ரூபாய்க்கு இந்த ஊரில் ஒரு பிளேட் தர்ரி போஹா வரும். அதில் எதைச் சேமித்து, எதைத் தானம் செய்வது?

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மகள் அடுத்த கேள்வி கேட்டாள். “நம்ம தெருமுனை டீக்கடையில கிளாஸ் கழுவுற அண்ணா என்னை விட ஒரு வயசோ ரெண்டு வயசோதான் பெரியவன். அவனும் ராகுல் மாதிரியா?”

அங்கேதான் இடித்தது. பிள்ளைகள் சொந்தக் கையால் நாலு காசு சம்பாதிப்பது அமெரிக்கப் புறநகரில் பெருமைக்குரிய விஷயம். நம் ஊரில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். 2016-ல் சட்டத்தைத் திருத்தியபோது, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதை விலக்கினார்கள். ஒரே செயல்தான். அங்கே அது பொறுப்புணர்வு, இங்கே குழந்தைத் தொழிலாளர் பிரச்னை. பெயரை மாற்றிவிட்டால் பாடம் மாறிவிடுமா?

இதே பாடத்தை இங்கிருந்தே தொடங்கியிருக்கலாம். நாங்கள் படித்த காலத்தில் பள்ளியில் ‘சஞ்சயிகா’ என்று சிறுசேமிப்பு இருந்தது. வாரம் ஒரு ரூபாய் கொண்டுபோய்க் கட்டி, பாஸ்புக்கில் கையெழுத்து வாங்கிய அந்தப் பெருமையை இன்றுவரை நான் மறக்கவில்லை. பி.காம். எடுத்ததற்கே அதுதான் காரணமோ என்னவோ. இப்போது பத்து வயது தாண்டிய பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே இயக்கலாம். ரிசர்வ் வங்கி 2014-லேயே வழி செய்துவிட்டது. பொங்கலுக்குத் தாத்தா கொடுத்த பணம், தீபாவளிக்கு மாமா கொடுத்த பணம், வீட்டு மளிகைச் சீட்டு, கரண்ட் பில். பட்ஜெட் பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, ‘வெளிநாட்டுச் சரக்கு நமக்கெதற்கு’ என்று கொடி பிடிக்கப்போகிறேன் என்று நினைத்தால், அதுதான் இல்லை.

1990களில் உலக சுகாதார நிறுவனம் பள்ளிகளுக்கான வாழ்க்கைத் திறன்கள் என்று பத்தைப் பட்டியலிட்டது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், ஆராய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், தெளிவாகப் பேசுதல், உறவுகளைப் பேணுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல். இதில் எது அமெரிக்கச் சொத்து? எது நமக்கு வேண்டாதது? பட்டியல் போட்டவர்களே, எது எப்படி வெளிப்பட வேண்டும் என்பது ஊருக்கு ஊர், பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியைத்தான் நாம் வசதியாகத் தாண்டிவிடுகிறோம்.

அப்படித் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு பிரேசிலில் ஒரு பாடம் இருக்கிறது. ‘அன்பிளக்டு’ என்று ஐரோப்பாவில் உருவான ஒரு திட்டம். பிள்ளைகள் மது, போதை பக்கம் போகாமல் இருக்கத் திறன்களைச் சொல்லிக்கொடுப்பது. ஐரோப்பிய நாடுகளில் நல்ல பலன் கொடுத்தது. பிரேசில் அரசு அதை மொழிபெயர்த்து, கொஞ்சம் மாற்றி, ‘டமோஜுன்டோ’ என்ற பெயரில் கொண்டுவந்தது. 2014-15ல் ஆறு நகரங்களில், 72 பள்ளிகளில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் சோதித்தார்கள். பாடம் நடந்த பள்ளிகளில் முதல்முறையாக மதுவைத் தொட்ட பிள்ளைகள், பாடம் நடக்காத பள்ளிகளை விடச் சுமார் 30 சதவீதம் அதிகம்! பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பது இதுதான். ஆனால் அவர்கள் அதை மூடி மறைக்கவில்லை. பாடங்களைத் திருத்தி 2019-ல் மறுபடி சோதனைக்கு வைத்தார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆடிட்டில் மாட்டிக்கொண்ட பிறகு புத்தகத்தைத் திருத்திக்கொள்கிற கிளைக்கு எப்போதும் என் மதிப்பு உண்டு.

அமெரிக்காவுக்குள்ளேயே இந்தக் கதை உண்டு. 1983-ல் லாஸ் ஏஞ்சலீஸில் தொடங்கிய ‘டேர்’ திட்டத்தில் போலீஸ்காரர்கள் வகுப்புக்கு வந்து ‘வேண்டாம் என்று சொல்’ என்று பாடம் எடுத்தார்கள். நாடு முழுவதும் பரவியது. ஆனால் பெரிய பலன் இல்லை என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னது. கடைசியில் 2009-ல் அவர்கள் கையிலெடுத்தது அரிசோனாவில் உருவான வேறொரு பாடத்திட்டம். அதில் வந்த கதைகள் அந்த ஊர் மெக்சிகோ வம்சாவளி, கறுப்பின, வெள்ளைக்காரப் பிள்ளைகளே சொன்னவை. பிள்ளைகள் நிஜத்தில் எப்படி மறுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால், நேருக்கு நேர் மறுப்பது ஒரு வழிதான். காரணம் சொல்வது, அந்தப் பக்கமே போகாமலிருப்பது, மெல்ல நழுவிவிடுவது என்று இன்னும் மூன்று வழிகள் இருந்தன. நான்கையும் பாடத்தில் சேர்த்தார்கள்.

இந்த நான்கு வழி விஷயம் எனக்கு மே மாதம் ஊரில் ஒரு கல்யாணத்தில்தான் உறைத்தது. கொஞ்சம் வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். எனக்கு அண்ணன் முறை வேண்டிய ஒருவர், மகளைப் பார்த்ததும் கன்னத்தைக் கிள்ளி, “வாட்டி, பெரியப்பா மடியில உக்காரு” என்று கையைப் பிடித்து இழுத்தார். அவளுக்குப் பன்னிரண்டு வயது. புத்தகத்தில் சொன்னபடி நிமிர்ந்து நின்று, கண்ணை நேராகப் பார்த்து, உறுதியான குரலில், “நீங்க இப்படிச் செய்யும்போது எனக்குச் சங்கடமா இருக்கு. தயவுசெஞ்சு நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டாள்.

பந்திக்குக் காத்திருந்த கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. “பம்பாய்ல வளந்த பிள்ளைல்லா” என்றது ஒரு குரல். (எங்கள் ஊருக்கு மகாராஷ்டிரா முழுக்கவும் பம்பாய்தான்.) அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? செய்தது இதுதான்: “பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவ, மன்னிப்புக் கேளு” என்று எல்லோர் முன்னாலும் அவளை அதட்டினேன்.

ராத்திரி மொட்டை மாடியில் படுத்திருக்கும்போது கேட்டாள். “புத்தகத்துல அப்படித்தானப்பா சொல்லச் சொல்லியிருக்கு? புத்தகம் தப்பா, நான் தப்பா?”

தப்பு என்னுடையதுதான். அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்பது பேச்சே இல்லை. பிள்ளைக்குப் பிடிக்கவில்லை, சொன்னாள். அதைக் கேட்டு அவள் பக்கம் நிற்க வேண்டியவன் சபை மரியாதை பார்த்து அவளைக் கைவிட்டேன். ஒரு வருடப் பாடத்தை ஒரே நிமிஷத்தில் அழித்தேன்.

பக்கத்தில் படுத்திருந்த என் அம்மா எழுந்து உட்கார்ந்தார்கள். ஐந்தாவது வரை படித்தவர்கள். “நீ சரியாத்தான் சொன்னட்டி” என்றார்கள் பேத்தியிடம். “ஆனா ஆச்சி ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. யாரு வந்தாலும் முதல்ல ரெண்டு கையையும் கூப்பி வணக்கம் சொல்லிட்டு மூணடி தள்ளி நில்லு. கும்பிட்ட கையைப் பிடிச்சு எவனும் இழுக்க மாட்டான். அதுக்கு மேலயும் கிட்ட வந்தா, அம்மா கூப்பிடுதாங்கன்னு வந்துரு. அதுக்கும் கேக்கலைன்னா சத்தம் போட்டுச் சொல்லு. யாரா இருந்தாலும் சரி. ஆச்சி வந்து பாத்துக்கிடுதேன்.”

யோசித்துப் பாருங்கள். தள்ளி நிற்பது, காரணம் சொல்லி நழுவுவது, நேராக மறுப்பது, பெரியவர்களிடம் வந்து சொல்வது. அரிசோனாவில் ஆய்வு செய்து கண்டுபிடித்ததை அம்பாசமுத்திரத்து ஆச்சி மொட்டை மாடியில் சொல்லிவிட்டார்கள். வணக்கம் என்பது மரியாதை மட்டுமல்ல, ஒரு வேலி என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. எந்த ‘இந்தியப் பதிப்பி’லும் இது இல்லை. ஏனென்றால் பதிப்பித்தவர்கள் எந்த ஆச்சியிடமும் கேட்கவில்லை.

ஆனால் கவனியுங்கள். ஆச்சி கடைசிப் படியை விட்டுவிடவில்லை. ‘சத்தம் போட்டுச் சொல்லு, யாரா இருந்தாலும் சரி.’ நம் பள்ளிகளும் பெற்றோரும் சறுக்குவது இங்கேதான். ‘உள்ளூர்ப் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றுகிறோம்’ என்று சொல்லிக்கொண்டு கஷ்டமான பாடத்தையே தூக்கிவிடுகிறோம். 2005-ல் வளரிளம்பருவக் கல்வித் திட்டம் வந்தது. 2007-ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, குஜராத், மத்தியப் பிரதேசம் என்று மாநிலம் மாநிலமாக அதை நிறுத்தின. காரணம், நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது. அதே 2007-ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு வெளியானது. பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதாவது ஒருவகைப் பாலியல் தொந்தரவைச் சந்தித்திருந்தார்கள். தொந்தரவு செய்தவர்களில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். இந்த இரண்டு செய்தியையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் வயிறு கலங்குகிறது.

சரியாக மாற்றி எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்கு ‘கோமல்’ குறும்படம் நல்ல உதாரணம். சைல்டுலைன் வெளியிட்டது. வெளிநாட்டுப் பாடங்களில் பெரும்பாலும் தெரியாத ஆள் மிட்டாய் கொடுப்பான். கோமலில் வருபவர் வீட்டுக்குள் சகஜமாக வந்துபோகும் பக்கத்து வீட்டு அங்கிள். கஷ்டமான விஷயத்தை மழுப்பவில்லை. நம் வீட்டில் அது எந்த முகத்தோடு வரும் என்பதைத்தான் மாற்றினார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு இன்னும் காட்டவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். 1098 என்ற எண்ணையும் சொல்லிவையுங்கள்.

அப்புறம், மறுக்கத் தெரியாததன் விலை என்ன என்று என் மேஜையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். மச்சான் கேட்டார் என்று ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிட்டு, நோட்டீஸ் வந்ததும் “நான் சும்மா கையெழுத்துதானே சார் போட்டேன்” என்று அழுதுகொண்டு வந்தவர்களை இருபது வருடங்களாகப் பார்க்கிறேன். 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு. இப்போது புதிதாக இன்னொன்று. ‘உன் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடுடா, கமிஷன் தரேன்’ என்று நண்பன் கேட்பான். கல்லூரிப் பையன் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லத் தெரியாமல் ஏடிஎம் கார்டைக் கொடுப்பான். ஆன்லைன் மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும். கணக்கு முடங்கும். வேறு மாநிலத்துப் போலீஸ் இவன் வீட்டு வாசலில் நிற்கும்.

ஆக, ‘நோ சொல்லப் பழகு’ என்ற பாடம் நம் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பிள்ளைகளை விட அதிகமாகவே தேவை. ஆனால் புத்தகத்தில் நீட்டப்படுவது பார்ட்டியில் ஒரு சிகரெட். நம் வாழ்க்கையில் நீட்டப்படுவது மச்சான் கையிலிருக்கும் பேனா. அந்தப் பேனாவை வைத்துப் பாடம் எழுத இங்கே ஆளில்லையா?

இருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் உலக சுகாதார நிறுவனத்தின் பத்துத் திறன்களை எடுத்துக்கொண்டு, கர்நாடகப் பள்ளிகளுக்கு ஏற்ற பயிற்சிகளாக எழுதி, அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களையே தயார் செய்து நடத்தினார்கள். நல்ல மாற்றம் தெரிந்தது என்று 2010-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். பீகாரில் ‘கேர்ள்ஸ் ஃபர்ஸ்ட்’ திட்டம் 2013-14ல் 76 அரசுப் பள்ளிகளில் நடந்தது. நடத்திய அமைப்பு அமெரிக்க அமைப்புதான். ஆனால் வகுப்பெடுத்தவர்கள் அந்தப் பகுதிப் பெண்கள், பத்தாவது படித்திருந்தால் போதும். பிள்ளைகளுக்குத் துணிவும் தன்னம்பிக்கையும் கூடியது. சொல்லிக்கொடுப்பவர் அந்த ஊர்க்காரராக இருந்தால் பாதி மாற்றம் தானாக வந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறாக, பாடத்தை ஒரு கட்டமாக்கி டிக் போட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்தாகிவிட்டது. 2009-ல் சி.பி.எஸ்.இ. கொண்டுவந்த தொடர் மதிப்பீட்டு முறையில் வாழ்க்கைத் திறனுக்கும் கிரேடு. பிறர் துயரை உணர்வதில் ஒரு பிள்ளைக்கு ‘பி’, இன்னொரு பிள்ளைக்கு ‘ஏ’! 2017-ல் அந்த முறையே போய்விட்டது. நல்லவேளை.

அடுத்து, நம்மைப் போல ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு மட்டும் தோன்றும் ஒரு கேள்வி. உள்ளூர்ப் பண்பாடு, உள்ளூர்ப் பண்பாடு என்கிறோமே, யாருடைய உள்ளூர்?

என் மகள் வகுப்பில் மராத்திப் பிள்ளைகள் உண்டு. சிந்தி, தெலுங்கு, வங்காளி, கோண்டுப் பிள்ளைகளும் உண்டு. தமிழ் பேசும் பிள்ளை இவள் ஒருத்தி. இதில் ‘நம் பண்பாடு’ என்று யாராவது எழுதினால், அது பெரும்பாலும் எழுதுகிறவர் வீட்டுப் பண்பாடாகத்தான் இருக்கும். அப்பா ஆபீஸ் போவார், அம்மா அடுப்படியில் இருப்பார், பெரியவர்கள் சொன்னால் எதிர்த்துப் பேசக்கூடாது. ஆனால் இதே நாக்பூரில்தான் 1956 அக்டோபரில் அம்பேத்கர், தன்னைச் சிறுமைப்படுத்திய மரபை வேண்டாம் என்று சொல்லிப் பௌத்தம் தழுவினார். வருடா வருடம் தீக்ஷாபூமியில் கூடுகிற கூட்டத்தைப் பார்த்தால் தெரியும், கேள்வி கேட்பதும் மறுப்பதும் இந்த ஊரின் பண்பாடுதான். அந்த வீட்டுப் பிள்ளையிடம் போய், ‘பணிந்து போவதே நம் மரபு’ என்று பாடம் நடத்தினால் அவன் என்ன நினைப்பான்?

அதனால் என் கட்சி இதுதான். திறனில் கை வைக்காதீர்கள். அது எங்கிருந்து வந்தாலும் நம்முடையது. கதை, பாத்திரம், சூழ்நிலை, பேசும் விதம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். அதை எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து மாற்றாமல், அந்த வகுப்புப் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டுக்காரர்களையும் கேட்டு மாற்றுங்கள்.

முடியாத காரியம் இல்லை. போன வருடம் மகளின் ஆறாம் வகுப்பு மராத்தி டீச்சர் ஒன்று செய்தார். நாக்பூரில் போளா பண்டிகைக்கு மறுநாள் மார்பத் ஊர்வலம். கறுப்பு மார்பத், மஞ்சள் மார்பத் என்று பெரிய பொம்மைகள். கூடவே விலைவாசி, ஊழல் என்று அந்த வருடத்துப் பீடைகளுக்கெல்லாம் ‘பட்க்யா’ என்று உருவம் செய்து, ஊரை விட்டுப் போ என்று விரட்டி எரிப்பார்கள். நூறு வருடத்துக்கு மேலாக நடப்பது. டீச்சர் பிள்ளைகளிடம், “உங்களுக்குள் இருக்கும் எதை விரட்டவேண்டுமோ அதற்கு ஒரு பட்க்யா செய்து வாருங்கள்” என்றார். ஒருத்தன் கோபத்தைச் செய்தான். ஒருத்தி கணக்குப் பரீட்சைப் பயத்தைச் செய்தாள். என் மகள் செய்த காகிதப் பொம்மையின் நெற்றியில் ‘டிரான்ஸ்ஃபர்’ என்று எழுதியிருந்தது.

மூன்று வருடத்துக்கொருமுறை ஊர் மாறுகிறோம். அவள் ஒருநாளும் அழுததில்லை, புகார் சொன்னதில்லை. “பழகிட்டா” என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பொம்மையைப் பார்க்கிறவரை எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ‘உன் உணர்ச்சியை ஐந்து வாக்கியங்களில் எழுது’ என்ற வழவழப் புத்தகத்தின் கட்டத்தில் அவள் எழுதியிருந்தது ‘நான் சந்தோஷமாக இருக்கிறேன்’ என்பதுதான். ஐந்து முறை.

அந்த டீச்சருக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை, பட்ஜெட்டும் கிடையாது. ஊரையும் தெரிந்திருந்தது, பிள்ளைகளையும் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க் ஷீட்டோடு சேர்த்து அந்தப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். புல்வெளி எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள். பண்பாடு என்ற பெயரில் எந்தப் பாடத்தை நடத்தாமல் விட்டார்கள் என்று கேளுங்கள். வீட்டில் ஆச்சியோ பாட்டியோ இருந்தால், அல்லது போனில் கிடைத்தால், “இந்த இடத்தில் நீங்க என்ன செய்வீங்க?” என்று பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள்.

நான் அந்த ராகுல் பக்கத்தை அடித்துவிட்டு மகளோடு உட்கார்ந்து வேறொரு கணக்கு எழுதிக் கொடுத்தனுப்பினேன். “அப்பாவுக்கு அடுத்த வருடம் டிரான்ஸ்ஃபர். சாமான் ஏற்றிச் செல்லும் செலவு, புதுப் பள்ளி அட்மிஷன், வீட்டு அட்வான்ஸ். கையிலிருப்பது இவ்வளவு. எப்படிச் சமாளிப்பாய்?” பட்டியலின் கடைசியில் அவளாகவே ஒரு வரி சேர்த்திருந்தாள். ‘பழைய ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பேச போன் ரீசார்ஜ்: 300 ரூபாய்.’

அந்தச் செலவை மறுபேச்சில்லாமல் சாங்ஷன் செய்துவிட்டேன் :-)

பி.கு: அந்த அண்ணனுக்கு ஆவணியில் போன் செய்து பேசினேன். மகள் சொன்னது சரிதான், நான் அதட்டியதுதான் தப்பு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரிடே” என்றார். மகளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கேட்க வேண்டும் என்றுதான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.